"சாட்சிகளைக் கலைப்பார்" என்ற ஒரு வரி பிணை மறுக்கப் போதுமா?

மனுவரைவு:

மாஜிஸ்திரேட் கோர்ட் பிணை உத்தரவுகளில் அடிக்கடி கண்ணில் படும் நாலு வரியை இங்கே வைக்கிறேன்.

"குற்றச்சாட்டு கடுமையானது. புலன் விசாரணை ஆரம்பக் கட்டத்தில் உள்ளது. எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) பிணையில் விட்டால் தலைமறைவாவார், சாட்சிகளைக் கலைப்பார் என்று அரசுத் தரப்பில் ஆட்சேபிக்கப்படுகிறது. வழக்கின் தன்மையையும் சூழ்நிலையையும் கருதி மனு தள்ளுபடி."

பேச வசதியாக ஒரு மாதிரி வழக்கு வைத்துக்கொள்வோம். பண மோசடி. பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 318(4), 316(2), 336(3) பிரிவுகள். கைதாகி 20 நாள். முன் வழக்கு எதுவும் இல்லை. கணக்குப் புத்தகம், கணினி, கைபேசி எல்லாம் பறிமுதல் ஆகிவிட்டன.

இது காரணம் சொல்லும் உத்தரவுதானா? செஷன்ஸ் கோர்ட்டில் ஒவ்வொரு காரணத்துக்கும் எப்படிப் பதில் எழுத வேண்டும்? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு:

பிணை உத்தரவுக்குப் போகுமுன் முதல் ரிமாண்ட் (காவலில் வைக்கும்) உத்தரவை எடுத்துப் பாருங்கள் தம்பி. பெரும்பாலான மனுக்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகின்றன. காவலில் வைக்கலாம் என்று நீதிமன்றம் முதன்முதலில் முடிவெடுத்தது அங்கேதான். அங்கே காரணம் இல்லையென்றால் பிறகு வந்த காரணங்களுக்கெல்லாம் அடித்தளம் இல்லை.

நீங்கள் சொன்ன 3 பிரிவுகளுக்கும் அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டுக்குள் அடங்கும். ஆகவே தேவையில்லாத கைதைத் தடுக்க 2014-இல் வந்த அர்னேஷ் குமார் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தும். பி.என்.எஸ்.எஸ். (குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 35-இன்படி, இப்படிப்பட்ட வழக்கில் கைது செய்ய போலீஸ் 5 தேவைகளில் ஒன்றையாவது காட்ட வேண்டும்: மேலும் குற்றம் செய்யாமல் தடுக்க, முறையான புலன் விசாரணைக்காக, சாட்சியம் அழிக்கப்படாமல் இருக்க, சாட்சிகளை மிரட்டவோ ஆசைகாட்டவோ விடாமல் இருக்க, நீதிமன்றத்தில் ஆஜராவதை வேறு வழியில் உறுதி செய்ய முடியாததால். எது பொருந்துகிறது, ஏன் என்று எழுத்தில் பதிய வேண்டும். அந்தப் பட்டியலை ரிமாண்ட் ரிப்போர்ட்டோடு சேர்த்து மாஜிஸ்திரேட் முன் வைக்க வேண்டும். அவரும் அதைப் படித்து, திருப்தியடைந்ததைத் தன் உத்தரவில் எழுத வேண்டும்.

நடைமுறையில் கெடுவது இங்கேதான். அச்சடித்த படிவத்தில் ஐந்துக்கும் டிக் போட்டுத் தருவார்கள். ஐந்தும் பொருந்தும் என்று சொல்வதும் எதையும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றே. எந்தச் சாட்சி, எந்த ஆவணம், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். ரிமாண்ட் செய்வது நீதித்துறைச் செயல், மனத்தைச் செலுத்திச் செய்ய வேண்டியது என்று 2012-இலேயே மனுபாய் ரதிலால் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே முதல் வேலை: எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் ரிப்போர்ட், அந்தப் பட்டியல், ரிமாண்ட் உத்தரவு, அதன்பின் வந்த ஒவ்வொரு காவல் நீட்டிப்பு உத்தரவு ஆகியவற்றுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனுப்போடுங்கள். இவை கைக்கு வந்தால் பாதி வாதம் தானே வரும். ஏன் என்று கீழே தாரகை மேடம் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

தாரகை:

சொல்கிறேன். முதலில் ஒரு அடிப்படை. குற்றம் நடந்தது, கடுமையானது என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சு. விசாரணைக்கு முன் ஒருவரைச் சிறையில் வைப்பதற்கான காரணமோ இனி நடக்கப்போவதைப் பற்றியது: வெளியே விட்டால் இவர் என்ன செய்வார்? அதற்கு என்ன ஆதாரம்? நிபந்தனை போட்டு அதைத் தடுக்க முடியாதா? இந்த மூன்று கேள்விக்கும் உத்தரவில் பதில் தேடுங்கள். நீங்கள் காட்டிய நாலு வரியில் முதல் கேள்விக்கு மட்டும் ஊகமாக ஒரு பதில் உண்டு. மற்ற இரண்டும் காலி.

இன்னொன்றையும் கவனியுங்கள். "அரசுத் தரப்பில் ஆட்சேபிக்கப்படுகிறது" என்று எழுதியிருக்கிறது. அது அரசுத் தரப்பின் வாதம். அதை ஏற்கிறேனா, ஏன் ஏற்கிறேன் என்று நீதிபதி எழுதவே இல்லை. அடுத்து "வழக்கின் தன்மையையும் சூழ்நிலையையும் கருதி". 2019-இல் மஹிபால் எதிர் ராஜேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொற்றொடரைத்தான் எடுத்துக்கொண்டது. பதிவேடுகளைப் பார்த்தோம், சூழ்நிலைகளைக் கருதினோம் என்று எழுதுவது காரணம் சொல்லும் உத்தரவு ஆகாது என்றது. அது பிணை கொடுத்த உத்தரவை ரத்து செய்த வழக்கு. ஆனால் அளவுகோல் இரு பக்கமும் ஒன்றுதான். கொடுப்பதற்குக் காரணம் வேண்டுமென்றால் மறுப்பதற்கு இன்னும் அதிகமாக வேண்டும்.

சாட்சிகளைக் கலைப்பார் என்ற காரணத்துக்கு மிகத் தெளிவான தீர்ப்பு ப. சிதம்பரம் எதிர் சி.பி.ஐ., 2019 அக்டோபர் 22. உயர் நீதிமன்றம் தப்பி ஓடுவார் என்பதை ஏற்கவில்லை, சாட்சியத்தைக் கலைப்பார் என்பதையும் ஏற்கவில்லை. சாட்சிகளுக்கு நெருக்கடி தரக்கூடும் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பிணை மறுத்தது. உச்ச நீதிமன்றம் கேட்டது: எப்போது, எந்த வழியில், கடிதமா, குறுஞ்செய்தியா, தொலைபேசியா? அதுவரை போட்ட 6 ரிமாண்ட் மனுக்களில் இதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லையே? கோப்புக்கட்டு சார் ரிமாண்ட் நகல்களை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். ரிமாண்ட் ரிப்போர்ட்டில் இல்லாத அச்சம், எதிர்மனுவில் திடீரென்று முளைத்தால், இடையில் என்ன புதிய ஆதாரம் கிடைத்தது என்று கேட்கலாம்.

அதே தீர்ப்பில் தப்பி ஓடுவதைப் பற்றியும் ஒரு முக்கியமான இடம் உண்டு. பொருளாதாரக் குற்றவாளிகள் பலர் நாட்டைவிட்டு ஓடியிருக்கிறார்கள் என்று வாதிட்டார்கள். வேறு யாரோ ஓடினார்கள் என்பதற்காக இவரை உள்ளே வைக்க முடியாது, ஒவ்வொரு வழக்கையும் அதனதன் நிலையில் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

அரசுத்தரப்பு:

மேடம் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் குற்றத்தின் கடுமை காரணமே அல்ல என்று படிப்பவர்கள் புரிந்துகொள்ளக் கூடாது. 2010-இல் வந்த பிரசாந்த குமார் சர்க்கார் தீர்ப்பு, பிணையில் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது: குற்றம் செய்ததாக நம்பத் தோற்றளவில் காரணம் உண்டா, குற்றச்சாட்டின் தன்மையும் கடுமையும், தண்டனையின் அளவு, தப்பி ஓடும் ஆபத்து, எதிரியின் குணம், நடத்தை, வசதி, அந்தஸ்து, மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு, சாட்சிகள் மீது செல்வாக்கு செலுத்துவார் என்ற நியாயமான அச்சம், நீதி தடம் மாறும் ஆபத்து. கடுமை அதில் ஒன்று. ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்கில் ஒருவருக்கு ஓடத் தூண்டுதல் அதிகம் என்பது பொது அறிவு.

2025 ஆகஸ்ட் 14 அன்று கன்னட நடிகர் தர்ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிணையை ரத்து செய்ததையும் மறக்க வேண்டாம். குற்றத்தின் தன்மை, எதிரியின் செல்வாக்கு இவற்றைக் கணக்கில் எடுக்காமல் உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தது தவறு என்றது.

அரசு வழக்கறிஞர்கள் செய்யும் பிழையையும் சொல்கிறேன். ஐ.ஓ. (புலன் விசாரணை அதிகாரி) தரும் குறிப்பை அப்படியே எதிர்மனுவாகத் தட்டச்சு செய்வது. நல்ல எதிர்மனுவில் இன்ன சாட்சி எதிரியிடம் சம்பளம் வாங்குபவர், இன்ன தேதியில் புகார்தாரர் வீட்டுக்கு இன்னார் போனார், அதற்குத் தனிப் புகார் எண் இது, இன்ன வங்கிக் கணக்கின் விவரம் இன்னும் வரவில்லை, கேட்டு இன்ன தேதியில் கடிதம் அனுப்பியிருக்கிறோம், இத்தனை நாளில் முடியும் என்று இருக்கும். இப்படி எழுதினால் நீதிபதிக்குக் காரணம் எழுத ஏதாவது கிடைக்கும். "சாட்சிகளைக் கலைப்பார்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர் உத்தரவும் அவ்வளவாகத்தான் இருக்கும்.

தாரகை:

ஏற்கிறேன் சார். கடுமை ஒரு எடைக்கல். அதை மட்டும் தட்டில் வைத்து நிறுக்க முடியாது என்பதே நான் சொல்ல வந்தது. உங்கள் "ஓடத் தூண்டுதல்" வாதத்திலேயே அது இருக்கிறது: கடுமை எதிர்கால ஆபத்தோடு சேரும்போதுதான் காவலுக்குக் காரணமாகிறது. 2ஜி வழக்கில், 2011-இல் சஞ்சய் சந்திரா தீர்ப்பில், பிணை மறுப்பு தண்டனையாகிவிடக் கூடாது என்று சொன்னதும் இதே கருத்துத்தான்.

காலமும் ஒரு எடைதான். முதல் வாரத்தில் போதுமான காரணம் மூன்றாம் மாதத்தில் போதாமல் போகும். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991-இல் லெதெல்லியே எதிர் பிரான்ஸ் வழக்கில் இதை அழகாக வகுத்தது. நியாயமான சந்தேகம் இல்லாமல் காவலே கூடாது. ஆனால் நாள் ஆக ஆக அந்தச் சந்தேகம் மட்டும் போதாது. பொருத்தமான, போதுமான வேறு காரணங்கள் வேண்டும், அதிகாரிகள் சுணக்கமில்லாமல் வழக்கை நடத்தியிருக்கவும் வேண்டும். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் உத்தரவைச் சோதிக்க நல்ல உரைகல்.

"புலன் விசாரணை ஆரம்பக் கட்டத்தில் உள்ளது" என்ற வரியை இதோடு வைத்துப் பாருங்கள். 5-ஆம் நாள் உத்தரவிலும் 45-ஆம் நாள் உத்தரவிலும் அதே வரி இருந்தால், விசாரணை நகரவில்லை என்று பொருள். விசாரணை நகராதது எதிரியின் குற்றம் அல்ல.

மனுவரைவு:

மிக்க நன்றி. அப்படியானால் செஷன்ஸ் மனுவில் இதை எப்படி வரிசைப்படுத்துவது? கீழ்க் கோர்ட் தள்ளுபடி செய்தபின் "சூழ்நிலை மாற்றம்" காட்ட வேண்டுமா?

கோப்புக்கட்டு:

பி.என்.எஸ்.எஸ். 483-இன்கீழ் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும் முதல் மனுவுக்குச் சூழ்நிலை மாற்றம் தேவையில்லை. அது மேல் நீதிமன்றத்தின் தனி அதிகாரம். அதே நீதிமன்றத்தில் மறுபடி போடும் மனுவுக்குத்தான் மாற்றம் காட்ட வேண்டும். 2004-இல் கல்யாண் சந்திர சர்க்கார் தீர்ப்பில் அந்த விதி இருக்கிறது. ஆனால் முந்தைய மனுக்களின் விவரத்தை மறைக்காதீர்கள். எந்த நீதிமன்றம், மனு எண், தேதி, முடிவு எல்லாம் மனுவிலேயே இருக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் குஷா துருகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இதில் தவறினால் நல்ல வழக்கும் கெட்டுப்போகும்.

வரிசைக்கு வருவோம். குற்றமே நடக்கவில்லை என்று 6 பக்கம் எழுதாதீர்கள். பிணை நிலையில் சாட்சியத்தை விரிவாக ஆராயக் கூடாது என்பதால் நீதிபதி அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடுவார். ஒவ்வொரு அச்சத்துக்கும் ஓர் உண்மை, ஓர் ஆவணம், ஒரு நிபந்தனை. இந்த மூன்றும் சேர்ந்து வரட்டும்.

தப்பி ஓடுவாரா? எத்தனை ஆண்டாக ஒரே முகவரி, குடும்ப அட்டை, வீட்டுவரி ரசீது, வேலையிடச் சான்று, போலீஸ் சம்மனுக்கு முன்பு ஆஜரானாரா என்பது. இதில் கடைசி விஷயம் மிக வலுவானது. ஆஜராகச் சொல்லும் 35(3) நோட்டீஸ் கொடுத்து, அவர் வந்து பதில் சொன்ன பிறகு கைது செய்திருந்தால் அதை முதல் பத்தியிலேயே வையுங்கள். நிபந்தனை: கடவுச்சீட்டை ஒப்படைத்தல், வாரம் இத்தனை நாள் நிலையத்தில் கையெழுத்து.

ஆவணங்களை அழிப்பாரா? பறிமுதல் மகஜரின் தேதியும் பொருள் பட்டியலும். எல்லாம் போலீஸ் கையில் இருக்கும்போது அழிக்க என்ன மிச்சம் என்று கேளுங்கள். மிச்சம் இருப்பதாக அவர்கள் சொன்னால், அது என்ன, எங்கே என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சாட்சிகளைக் கலைப்பாரா? புகார்தாரர்களும் எதிரியும் ஒரே தெருவா, முதலாளி தொழிலாளி உறவா என்று நீங்களே முதலில் பாருங்கள். உறவு இருந்தால் மறைக்காமல், விசாரணை முடியும்வரை வேறு ஊரில் தங்கத் தயார் என்று எழுதுங்கள். நீதிபதியின் தயக்கத்துக்குப் பதில் உங்கள் மனுவிலேயே இருந்தால் உத்தரவில் அது தங்கும்.

கூட்டு எதிரிக்குப் பிணை கிடைத்திருந்தால் அந்த உத்தரவின் நகலை இணையுங்கள். ஆனால் பங்கு ஒன்றா என்று காட்டாமல் "அவருக்குக் கிடைத்தது, எனக்கும்" என்று எழுதினால் நிற்காது.

தாரகை:

ஒன்றைச் சேர்க்கிறேன். கைதின் காரணங்களை எழுத்தில் கொடுத்தார்களா என்பதை இப்போது கட்டாயம் பாருங்கள். 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சால் வழக்கு சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்கு (பி.எம்.எல்.ஏ.) இதை வகுத்தது. 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா தீர்ப்பு அதை யு.ஏ.பி.ஏ.வுக்கு (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) விரித்தது. அந்தத் தீர்ப்பு காட்டும் வேறுபாடு நம் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும். யாருக்கும் பொருந்தும் பொதுக் காரணங்கள் வேறு: சாட்சியைக் கலைக்காமல் தடுக்க, விசாரணைக்காக என்பவை அந்த வகை. இந்த ஆளுக்கே உரிய அடிப்படை வேறு: இவர் என்ன செய்ததாகக் குற்றச்சாட்டு என்ற விவரம். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் கொடுத்தால் அரசியலமைப்பின் 22(1) நிறைவேறாது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் தீர்ப்பு, 22(1) மீறப்பட்டால் ரிமாண்டும் கெடும், பின்னால் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததால் அது சரியாகாது என்றது.

அரசுத்தரப்பு:

தர்ஷன் வழக்கில் இதற்கு எதிர்ப் பக்கமும் வந்தது. எழுத்தில் தராததால் என்ன பாதிப்பு என்று காட்டாவிட்டால் அதை வைத்து மட்டும் பிணை கேட்க முடியாது என்றார்கள். அதன்பின் 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பு எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவாக விதியை வகுத்தது. எதிரிக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். உடனே முடியாத நிலையில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்கு முன்நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்துப் பிரதி கைக்குப் போக வேண்டும். ஐ.ஓ.க்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. கொடுத்த நேரத்தையும் எழுதி ஒப்பம் வாங்குங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத் தாளை நீட்டி ஒப்பம் வாங்குவது இனி வழக்கையே சாய்க்கும்.

நெடுவழக்கு:

இதுவரை பேசியது சாதாரணப் பிரிவுகளுக்கு. என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் சட்டம்), பி.எம்.எல்.ஏ., யு.ஏ.பி.ஏ. வந்தால் கணக்கு தலைகீழ். அங்கே "வெளியே விட்டால் என்ன செய்வார்" என்ற கேள்விக்குப் போகுமுன் ஒரு கதவு இருக்கிறது. என்.டி.பி.எஸ். 37, பி.எம்.எல்.ஏ. 45 இரண்டிலும், எதிரி குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், பிணையில் இருக்கும்போது குற்றம் செய்யமாட்டார் என்றும் நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். யு.ஏ.பி.ஏ. 43டி(5)-இல் குற்றச்சாட்டு தோற்றளவில் உண்மை என்று நம்பக் காரணம் இருந்தால் பிணை இல்லை.

என்.டி.பி.எஸ்.ஸில் முதலில் எடையைப் பாருங்கள். 37-இன் கட்டுப்பாடு முக்கியமாக வணிக அளவுக்குத்தான். கஞ்சாவுக்கு வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். 19 கிலோ வழக்கில் 37-ஐக் காட்டிப் பிணை மறுத்த உத்தரவு சட்டத்தையே தவறாகப் படித்த உத்தரவு.

கதவு பூட்டியிருந்தாலும் காலம் அதைத் திறக்கும். 2021 பிப்ரவரியில் கே.ஏ. நஜீப் வழக்கில் 3 நீதிபதிகள் அமர்வு, விசாரணை நியாயமான காலத்தில் முடியாது என்றால் 43டி(5) இருந்தாலும் அரசியலமைப்பு நீதிமன்றங்கள் பிணை கொடுக்கலாம் என்றது. தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு வி. செந்தில் பாலாஜி வழக்கு. 2023 ஜூன் 14 கைது, 2024 செப்டம்பர் 26 உச்ச நீதிமன்றத்தில் பிணை. அடிப்படைக் குற்ற வழக்குகளில் 2,000-க்கும் மேற்பட்ட எதிரிகள், 600-க்கும் மேற்பட்ட சாட்சிகள். அவை முடியாமல் பி.எம்.எல்.ஏ. வழக்கு முடியாது. பிணைக்குக் கடுமையான வரம்பும் விசாரணையில் மிகுந்த தாமதமும் சேர்ந்து இருக்க முடியாது என்றது தீர்ப்பு. ஆகவே இந்த வழக்குகளில் மனு எழுதும்போது சாட்சிகள் எத்தனை, ஆவணங்கள் எத்தனை பக்கம், குற்றச்சாட்டு வனைந்தாயிற்றா, கடந்த 6 மாதத்தில் எத்தனை வாய்தா, யார் கேட்டு வாங்கியது என்று ஓர் அட்டவணை போடுங்கள். உரிமைகளைப் பற்றிப் பத்து பக்கம் எழுதுவதைவிட அந்த ஒரு பக்கம் பேசும்.

எதிரிக்குக் காட்டாமல் நீதிபதியிடம் மட்டும் தரும் மூடிய உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பர் 4 அன்று ப. சிதம்பரத்துக்கு அமலாக்கத் துறை வழக்கில் பிணை கொடுத்த தீர்ப்பில், உறையில் தந்த ஆவணங்களைப் பார்த்து அதிலிருப்பது நிரூபிக்கப்பட்டதுபோல உயர் நீதிமன்றம் எழுதியதைத் தவறு என்றார்கள். எதிரி பார்க்காத தாளுக்கு எதிரி பதில் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட காரணம் உத்தரவில் இருந்தால் தனிப் பத்தியாக எடுத்துத் தாக்குங்கள்.

மனுவரைவு:

குண்டர் சட்டமும் இதே வகையில் வருமா?

நெடுவழக்கு:

இல்லை. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14 தடுப்புக் காவல். நீதிமன்றம் பிணை மறுப்பது அல்ல, நிர்வாகம் பிறப்பிக்கும் உத்தரவு. அதைத் தாக்க ஆட்கொணர்வு மனுப் போட வேண்டும். ஒரே ஓர் இடத்தில் இரண்டும் உரசும்: ஏற்கெனவே சிறையில் இருப்பவர் மீது உத்தரவு போடும்போது "பிணையில் வரும் உண்மையான வாய்ப்பு உண்டு" என்று எழுதுவார்கள். அப்படி எழுத, இதுபோன்ற வழக்கில் யாருக்கு, எந்த எண்ணில் பிணை கிடைத்தது என்ற விவரம் வேண்டும் என்று 2011-இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு சொன்னது. மேலே போனால் தனி இழை ஆகிவிடும்.

மனுவரைவு:

சரி. மாதிரி வழக்குக்கே திரும்புகிறேன். 50-ஆம் நாள் வாக்கில் போலீஸ் பி.என்.எஸ். 338-ஐச் சேர்த்துப் பிரிவு மாற்ற அறிக்கை தாக்கல் செய்தால் என்ன ஆகும்? இன்னொன்று, மோசடி வழக்கில் பணத்தைக் கட்டினால்தான் பிணை என்கிறார்களே, அது சரியா?

கோப்புக்கட்டு:

338 மதிப்புமிக்க ஆவணத்தைப் போலியாகத் தயாரிப்பது. ஆயுள் தண்டனை வரை போகலாம். அது சேர்ந்தால், இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) தாக்கல் செய்ய பி.என்.எஸ்.எஸ். 187(3) தரும் கெடு 60 நாளிலிருந்து 90 ஆகிவிடும். காவலில் இருக்க வேண்டிய கெடுவே 30 நாள் கூடும் என்பதால் இந்த மாற்றத்தை அமைதியாகக் கடந்து போகாதீர்கள். எந்த ஆவணம் மதிப்புமிக்க ஆவணம் என்று அறிக்கையில் இருக்கிறதா? பறிமுதல் பட்டியலில் இருக்கிறதா? முதல் நாளிலிருந்தே போலீஸ் கையில் இருந்த தாள்தான் என்றால் 50 நாள் ஏன் தெரியவில்லை? அடுத்த காவல் நீட்டிப்பு நாளிலேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். நீட்டிப்பு என்பது வீடியோவில் முகம் பார்த்து 15 நாள் தள்ளிப் போடும் சடங்கு ஆகிவிட்டது. அங்கே ஒரு ஆட்சேபம் பதிவானால் பின்னால் மேல் நீதிமன்றத்தில் கைகொடுக்கும்.

பணம் கட்டும் நிபந்தனை: பிணை நீதிமன்றம் கடன் வசூலிக்கும் இடம் அல்ல என்பதை 2023-இல் ரமேஷ் குமார் எதிர் டெல்லி அரசு தீர்ப்பு தெளிவாக்கியது. எதிரி தரப்பே பிணைக்காகப் பணம் கட்டுகிறோம் என்று முன்வருவது இந்த வழக்கத்தை வளர்க்கிறது என்றும் அது கவலைப்பட்டது. ஆகவே வாதத்தில் அவசரப்பட்டு "பாதி கட்டுகிறோம்" என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னபின் கட்ட முடியாமல் போனால் பிணை உத்தரவு இருந்தும் ஆள் உள்ளேயே இருப்பார்.

கெடுவுக்குள் இறுதி அறிக்கை வராததால் உரிமையாகக் கிடைக்கும் பிணைக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். சரவணன் எதிர் அரசு, 2020 அக்டோபர். நம் உயர் நீதிமன்றம் 8 லட்சம் ரூபாய் கட்டச் சொன்ன நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. கெடுவுக்குள் இறுதி அறிக்கை வரவில்லை, எதிரி பிணைதாரர் தரத் தயார். இவ்வளவுதான் பார்க்க வேண்டும் என்றது.

தாரகை:

பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களை விட்டுவிடக் கூடாது. அதுவும் காரணமில்லாத காவல்தான். 1978-இல் மோதி ராம் வழக்கில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஷூரிட்டி கேட்டார்கள், பிணைதாரர் வேறு மாவட்டம் என்று தள்ளினார்கள். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடினார். இன்றும் "உள்ளூர் ஷூரிட்டி" என்று உத்தரவில் வந்தால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்களும் உண்டு. பிணை உத்தரவை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். 7 நாளில் விடுதலையாகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணைப்பத்திரம் தர முடியவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம்.

நீண்ட நாள் உள்ளே இருப்பவர்களுக்கு பி.என்.எஸ்.எஸ். 479-ஐயும் பாருங்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றங்கள் இதில் வராது. மற்றவற்றில் முதன்முறை எதிரி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர்கள் பாதியும் உள்ளே இருந்துவிட்டால் பிணை. மனுப்போட வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருக்கே உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் கிடைக்காது.

அரசுத்தரப்பு:

பி.என்.எஸ்.எஸ். 480(6)-ஐயும் பலர் மறந்துவிடுகிறார்கள். மாஜிஸ்திரேட் விசாரிக்கும் பிணையில் விட முடியாத வழக்கு, சாட்சி விசாரணைக்கு முதலில் குறித்த நாளிலிருந்து 60 நாளில் முடியவில்லை, அந்தக் காலம் முழுக்க எதிரி காவலில் இருந்தார் என்றால் பிணை. மறுக்க வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

மனுவரைவு:

கடைசிக் கேள்வி. இறுதி அறிக்கைக்கான 60 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? கைது நாளா, ரிமாண்ட் நாளா, மறுநாளா?

கோப்புக்கட்டு:

ரிமாண்ட் நாளிலிருந்து. அந்த நாளையும் சேர்த்து. 2023 மார்ச் 27 அன்று கபில் வாதவான் வழக்கில் 3 நீதிபதிகள் அமர்வு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது.

மார்ச் 4 ரிமாண்ட் என்று வையுங்கள். அது 1-ஆம் நாள். மார்ச் 31 அன்று 28 நாள், ஏப்ரல் 30 அன்று 58, மே 2 அன்று 60. அன்றைக்குள் இறுதி அறிக்கை வரவில்லையென்றால் மே 3 அன்று உரிமை பிறக்கிறது. 90 நாள் வழக்கானால் ஜூன் 1 கடைசி நாள், ஜூன் 2 உரிமை.

உரிமை பிறந்தால் மட்டும் போதாது, மனுப்போட்டுக் கேட்க வேண்டும். மே 3 காலை கோர்ட் திறந்ததும் மனு உள்ளே இருக்கட்டும். பிணைதாரர் தரத் தயார் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். தாக்கல் நேரத்தைப் பதிவு செய்து ஒப்புகை வாங்குங்கள். 10.30-க்கு மனு, 11.30-க்கு இறுதி அறிக்கை என்றால் உரிமை நிற்கும். 2020-இல் எம். ரவீந்திரன் தீர்ப்பு, சென்னையிலிருந்து போன என்.டி.பி.எஸ். வழக்கு, அதைத்தான் சொன்னது. வரிசை மாறினால் உரிமை போய்விடும். அதனால் நகல், வக்காலத்து, மனு மூன்றையும் 58-ஆம் நாளே தயார் செய்து வைத்துவிடுங்கள். 60-ஆம் நாள் மாலையில் இறுதி அறிக்கை தாக்கலானதா என்று கோர்ட் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.